தட்டைப்பயற்றில் பொறுக்கிய புழுக்கள்

அறந்தாங்கி,
11.2.2024

அன்புள்ள செவந்தி அவர்களுக்கு,

நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். மூன்று செய்திகள்:

1. நான் கற்றுத்தந்த பிழை.
2. அன்று அதை யாரும் சுட்டிக்காட்டாதது.
3. இனி நான் செய்ய நினைப்பது.

முதலாவது. உங்கள் இயற்கை விவசாயக் குழுவுக்கு ஜனவரியில் பூச்சி வகுப்பு எடுத்தபோது, கறுப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளியுள்ள புழுவைக் காட்டி, இலையைத் தின்பது, பொறுக்கி நசுக்குங்கள் என்றேன். அது பொறிவண்டின் புழு; சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று பயிரைக் காப்பது. கத்தரி இலையைச் சுரண்டும் வேறொரு வண்டின் புழுவோடு குழப்பிவிட்டேன். முப்பத்தோராண்டுகள் அறிவியல் ஆசிரியராக இருந்தவன்! உங்கள் பதினான்கு பேரின் தட்டைப்பயறும் அசுவினியில் சுருண்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சோறு இறங்கவில்லை.

இரண்டாவது. ஒருவர் மறுத்திருந்தாலும் புத்தகத்தை மறுபடி பார்த்திருப்பேன். எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை.

மூன்றாவது. இனி வகுப்பு எடுக்கமாட்டேன். வேறு நல்லவரைப் பாருங்கள்.

தலைகுனிவுடன்,
குணசேகரன்

மணமேல்குடி,
16.2.2024

மதிப்பிற்குரிய சார்,

கடிதம் கிடைத்தது. முதலில் சாப்பிடுங்கள். நீங்கள் பட்டினி கிடந்தால் எங்கள் பயறு காய்த்துவிடாது.

இரண்டாவதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சுருக்கென்று இருந்தது. அன்றைக்கு நான் எழுந்து, "சார், இது அசுவினியத் திங்குறத நான் பாத்திருக்கேங்க" என்றேன். "உக்காரும்மா, புத்தகத்துல இருக்கு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானே முன்னால் நின்று பொறுக்கவைத்தேன்.

இப்போது எங்கள் குழுவிலுள்ள மருதாயி என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்கிறாள்: "ஏன் தலைவியம்மா, நீதானே டப்பாவத் தூக்கிக்கிட்டு வந்து பொறுக்கச் சொன்ன? ஒனக்கு முன்னாடியே தெரியும்னு இப்பக் கதை விடுறியா?" இருபத்தைந்தாம் தேதிக் கூட்டத்தில் என்னைப் பொறுப்பிலிருந்து எடுக்கப் போகிறார்கள்.

வகுப்பு எடுப்பது உங்கள் விருப்பம். நான் சொன்னேனா, இல்லையா? அதை மட்டும் எழுதித் தாருங்கள்.

செவந்தி

அறந்தாங்கி,
20.2.2024

அன்புள்ள செவந்தி அவர்களுக்கு,

இக்கடிதத்தை மருதாயியிடமே கொடுத்துக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். நானும் வருகிறேன். யாராவது கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்கிறேன்.

ஜனவரி வகுப்பில் நீங்கள் எழுந்து சொன்னீர்கள். சொன்னதும் சரி. உட்காரச் சொன்னவன் நான். புத்தகத்தில் அப்படி இருந்ததா என்று எனக்கு அப்போதே நிச்சயமில்லை. தெரியவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது.

நான் மறந்துபோய் எழுதியதாக நீங்கள் நினைத்திருக்கலாம். இல்லை. முதல் கடிதத்தை எழுதும்போதும் உங்கள் குரல் நினைவிருந்தது. அதிலுள்ள இரண்டாவது செய்தி தவறு.

குணசேகரன்