விதைக்கடலையும் எதிரெதிர்ப் பாயும்

அக்கா,

விதைக்கடலை மூட்டையை இன்று காலையில் நடுவீட்டில் இறக்கினார்கள். சாக்கைப் பிரித்ததும் கிளம்பிய மண்வாசனையில் உன் ஞாபகம் வந்துவிட்டது. உரிப்பதற்குப் பாயை விரித்துப் படுத்தேன். எதிரே உன் இடம் காலியாக இருந்தது.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் நாம். நீ மூத்த மருமகள், நான் இளைய மருமகள். மூளையில் நீர் கட்டியதற்காக என் தலையிலிருந்து வயிற்றுக்கு ஒரு குழாய் வைத்து அனுப்பினார்களே, அத்தோடு எல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தோம். அந்தக் குழாய் தேவைக்கு மேல் நீரை வடிக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே தலை பிளக்கும், குமட்டும். படுத்தால் அடங்கிவிடும். படுத்தால் சரியாகிற நோயை யார் நம்புவார்கள்?

"வெதைக்கடலைய எவளாவது படுத்துக்கினு உரிப்பாளா? வெளங்குமா?" என்று அத்தை என் முறத்தைப் பிடுங்க வந்தார். நீ முந்தானையைச் செருகிக்கொண்டு என் எதிரே குப்புறப் படுத்து உரிக்க ஆரம்பித்தாய்.

"உனக்கு இன்னாடி?"

"எனக்கும் தலவலிதான் அத்தே. ரெண்டு பேர் படுத்தா ரெண்டு மடங்கு காய்க்கும், பாருங்க."

அந்தப் போகம் கடலை நன்றாகவே காய்த்தது.

அதன்பிறகு என்னோடு பேச வந்தாலே நீயும் படுத்துக்கொள்வாய். யாராவது வந்தால் மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்ப்பேன். "படுடி மொதல்ல" என்று அதட்டுவாய்.

குழாய் வடிக்கும் வேகத்தை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். குறைத்தால் பழையபடி நீர் கட்டுகிறது. இனி இப்படியேதான் போலிருக்கிறது. சலித்துவிட்டது, அக்கா.

நெஞ்சுவலி என்று கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோன உன்னை மறுநாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்து இதே நடுவீட்டில் கிடத்தினார்கள். சாவு வீட்டில் படுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்தே இருந்தேன். வலி கண்ணை மறைத்தது. வாந்தியெடுத்துச் சாய்ந்த என்னைத் தூக்கி உள்ளறையில் போட்டார்கள். கண் திறந்தபோது பறைச்சத்தம் தெருமுனையைத் தாண்டியிருந்தது. உனக்கு வாய்க்கரிசிகூட நான் போடவில்லை.

சற்று முன் அத்தை ஒரு முறத்தோடு வந்து உன் இடத்தில் உட்கார்ந்தார். முழங்கால் வலி, அவரால் குனியக்கூட முடிவதில்லை.

"நீ படுத்துக்கினே உரி. அவ இருந்தா இந்நேரம் பாதி மூட்ட முடிஞ்சிருக்கும்" என்றார்.

இப்போது யார் வந்தாலும் நான் எழுவதில்லை. படுத்தபடியே "வாங்க" என்கிறேன். எல்லாம் நீ பழக்கியது. உன்னை அனுப்பிய அன்று ஒரு நாள்தான் உன் பேச்சைக் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். உன் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்திருக்கலாம், அக்கா. தூக்கும்வரை உன் கூடவே இருந்திருப்பேன்.