மூடிக்குள் இருந்த கோடுகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இன்றுவரை இங்கே எல்லோரும் சுகம். நான்கு நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுப்பதாக இல்லை. உன் அறைத்தோழன் லீவு முடிந்து நாளை கிளம்புகிறான். வெள்ளிக்கிழமை இதை உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

உன் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. மோட்டார் வைண்டிங் கடையை ஐந்து மணிக்கே சாத்திவிட்டு வந்து ரிமோட்டில் பறக்கும் அந்தக் குட்டி ஜெட் விமானத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். புது டர்பைன் எஞ்சின் வாங்க நமக்கு ஏது வசதி? நீ வேலைக்குக் கிளம்பும்போது உன் எஞ்சினைப் பாதி விலைக்குக் கொடுத்ததால்தான் இந்த ஆசை நிறைவேறியது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுகிறார். விமானத்தின் உடம்பு, யாரோ தரையில் மோதி ஓரங்கட்டியது. அதை ஒட்டித் தேய்த்துச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார். மண்ணெண்ணெயில் ஆயில் கலந்து கலந்து வீடே நாறுகிறது. தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்த ஒருத்தி மோந்து பார்த்துவிட்டு, தைத்தீர்களா, மண்ணெண்ணெயில் வறுத்தீர்களா என்று கேட்டாள்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு முதல் தடவையாகப் பறக்கவிடப் போகிறார். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று மாடல் விமானக் கிளப் செயலாளர் கேட்டாராம். "மூணு மணி நேரம்தான் சார். என் மச்சினன் சொன்னா சொன்னதுதான்" என்றாராம் இவர். எஞ்சின் ஓடிய நேரத்தைக் கணக்கு வைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரையிலும் மூன்று என்றுதான் காட்டுகிறது.

ஆனால் சத்தம் சரியில்லை, தம்பி. முதலில் எஞ்சினை அணைத்தால் அதன் உள்ளே இருக்கும் சக்கரம் நிதானமாகச் சுற்றி ஓயும். இப்போது கடைசியில் கரகரவென்று உரசிச் சட்டென்று நின்றுவிடுகிறது. இருபது வருஷம் மோட்டார் இரைச்சலில் நின்று அவருக்குக் காது பாதி போய்விட்டது. நாளெல்லாம் தையல் மிஷினோடு கிடக்கிறவள் நான், எனக்குக் கேட்கிறது.

நேற்று எஞ்சின் வந்த பெட்டியைத் துடைத்தேன். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த பஞ்சு பிய்ந்து வந்தது. அடியில் பென்சில் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டி. சின்ன வயதில் சுவரில் ரன் எழுதுவாயே, அதே கோணல் கோடு. மூன்று தடவை எண்ணினேன், இருநூற்றுப் பன்னிரண்டு. எஞ்சினை ஓட்டிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு; தடவைக்கு எட்டு நிமிடம் என்றாலும் இருபத்தெட்டு மணி நேரம் ஆகிறது. இருபத்தைந்து மணி நேரம் ஆனதும் சக்கரத்தைத் தாங்கும் பேரிங்கை மாற்றியே ஆகவேண்டும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. வேறு எஞ்சினின் கட்டுப்பாட்டுப் பெட்டியை இதில் மாட்டிக் கொடுத்தாயா? பணமுடை என்றால் என்னிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?

மூடியை அவரிடம் காட்டினேன். "அது வேற எஞ்சின் கணக்கா இருக்கும். கூடப் பிறந்தவனையே சந்தேகப்படுறியே" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று சுற்றுகிற சக்கரமாம். பேரிங் போய் அது உடைந்தால் துண்டுகள் பக்கவாட்டில்தான் பாயும் என்கிறார்கள். ஸ்டார்ட் செய்யும்போது அவர் அதன் பக்கத்தில்தான் மண்டியிடுகிறார். நெருப்பணைக்கும் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நிற்கவேண்டும் என்பது கிளப் விதி. அந்த ஆள் நான்தான்.

நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். நீ ஒரு வார்த்தை சொன்னால் நம்புவார். திட்டினால் வாங்கிக்கொள். அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வராது. நீ பேசினாலும் பேசாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் அவர் பக்கத்தில்தான் இருப்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்த,
அக்கா