சுவருக்கு அந்தப் பக்கத்து வைஃபை

மார்ச் 3

புது வைஃபை பெட்டி மாட்டியாயிற்று. இனி போன் டேட்டாவை நம்பிக் கிடக்க வேண்டாம். மருத்துவமனைகளுக்கு வீடியோவில் மொழிபெயர்க்கிற வேலை எனக்கு. டாக்டர் பேசுவது ஒரு மொழி, நோயாளி பேசுவது இன்னொன்று, நடுவில் நான். இரண்டு அழைப்புகள் ஏற்கெனவே பாதியில் அறுந்துவிட்டன. "மூணாவது தடவை கட்டாச்சுன்னா உங்களை எடுத்துருவாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாள்.

ஆசையாகப் போனைத் திறந்தால், வைஃபை பட்டியலில் முதலில் நிற்பது யார்? என் ஓரகத்தி! நாலு கோடும் முழுசாக. நான் அவளுக்குக் கீழே.

அண்ணன் தம்பி பாகம் பிரித்து, ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பியது எதற்கு? இந்த மூஞ்சியைப் பார்க்கக் கூடாது என்றுதானே. "நாள் பூரா வாய் பேசுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டவள். அன்றைக்கே அவள் வைஃபையை என் போனிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் அழித்தேன். இப்போது என் படுக்கையறை வரை வந்து நிற்கிறாள்.

மார்ச் 4

வீட்டுக்காரரிடம் காட்டினேன். சிரிக்கிறார்.

"பட்டியல்ல பேர் வந்தா நம்ம லைன்ல வந்துட்டாங்கன்னு அர்த்தமில்ல. அண்ணி வீட்டுப் பெட்டி 'நான் இங்க இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கும், அது சுவரைத் தாண்டிக் கேக்குது, அவ்ளோதான். பாஸ்வேர்டு இல்லாம யாரும் உள்ள நுழைய முடியாது."

அண்ணிக்கு வக்காலத்து என்றால் மட்டும் இவருக்கு வாய் நீளும்.

பெட்டியின் அடியில்தான் பாஸ்வேர்டு ஒட்டியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறேன் என்று அவள் பின்கட்டுக்கு வருவாள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். விடுவேனா? பாஸ்வேர்டை மாற்றினேன். பெட்டியைப் பீரோவுக்குள் வைத்து, வயர் போகிற அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டுக் கதவைச் சாத்தினேன்.

மார்ச் 6

ஒரே ஒரு கோடு. அதுவும் வருகிறது, போகிறது. பெட்டி மாட்டிய அன்றைக்கு மூன்று இருந்தது.

உறிஞ்சுகிறாள். வேறென்ன?

மார்ச் 7

என் வைஃபைக்குப் பெயர் மாற்றினேன்: திருடாதே. பெயர் மட்டும் யார் போனிலும் தெரியும், பாஸ்வேர்டு தேவையில்லையாம். நல்லதுதான். படிக்கட்டும்.

மார்ச் 8

காலையில் பட்டியலில் அவளுடையது: கண்ணாடியைப் பார்.

 பதிலுக்கு வைத்தேன்: சுவரைத் தாண்டாதே.

மார்ச் 9

அவள்: சுவர் செலவு யாருது

செலவுக் கணக்கு வேறு பேசுகிறாளா! பாஸ்வேர்டை இன்னொரு முறை மாற்றினேன். வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து போன் வேலை செய்யவில்லை என்று புலம்பினார். புலம்பட்டும். அண்ணனும் தம்பியும் தெருமுனை டீக்கடையில் தோளில் கை போட்டு நிற்பதாகக் கேள்வி. சண்டை எல்லாம் எங்களுக்கு, டீ அவர்களுக்கு.

மார்ச் 11

வாசலை ஒட்டிய பழக்கடைக்காரர் ஆரஞ்சை நிறுத்துக்கொண்டே, "உங்க ரெண்டு பேர் வைஃபையும் என் கடை வரைக்கும் வருதும்மா. அதைப் படிச்சுட்டுத்தான் கடையே திறக்கிறேன். இன்னிக்கு உங்க முறைதானே?" என்றார்.

மானம் போயிற்று. இதற்கும் அவள்தான் காரணம். யார் ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால்... கேட்க மாட்டார்கள்.

மார்ச் 13

ஒரு விஷயம் கற்றேன். போனில் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போனால், யார் யார் நம் வைஃபையில் ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். வேண்டாதவரை ஒரே தட்டில் விரட்டலாம். சிக்கட்டும்.

மார்ச் 14

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலை அழைப்பு. எதிரே ஒரு அம்மா, மார்பில் கட்டி. டாக்டர், பரிசோதனை முடிவு வந்துவிட்டது என்றார். சொன்னேன். டாக்டர் தன் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். படம் திக்கித் திக்கி வந்தது. அந்த இடைவெளியில், என் புத்தி எங்கே போயிற்று? போனில் பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். என் போன் இருந்தது, வீட்டுக்காரர் போன் இருந்தது, மூன்றாவதாகப் பெயரே இல்லாமல் வெறும் எழுத்தும் எண்ணுமாக ஒன்று. அகப்பட்டாள்! ஒரே தட்டு.

லேப்டாப் திரை உறைந்தது.

அது அவள் இல்லை. என் லேப்டாப். பட்டியலில் அதற்குப் பெயர் கிடையாது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அந்த அம்மாவின் முகம் வாய் பாதி திறந்தபடி நின்றது. திரும்பச் சேர்க்கத் தட்டினால் பெட்டி அணைந்து எரிய நேரமாகும் என்கிறது. போன் டேட்டா நேற்றே தீர்ந்துவிட்டது. லேப்டாப்பில் பட்டியலைத் திறந்தேன். நாலு கோடும் முழுசாக ஒரே ஒரு பெயர், அவளுடையது: நீதான் முதல்ல.

அவள் எப்போதோ பாஸ்வேர்டை மாற்றியிருப்பாள். நான் பதினோரு நாளில் இரண்டு தடவை மாற்றியவள், அவள் சும்மா இருப்பாளா? வேறு வழி தெரியாமல் பழையதை அடித்தேன். ஒரே சமையலாக இருந்த காலத்தில் அவளும் நானும் சேர்ந்து வளர்த்த பூனையின் பெயர், 'மந்திரி', பின்னால் ஒன்று இரண்டு மூன்று.

திறந்தது.

அந்த அம்மா இன்னும் அங்கேயே இருந்தார். "என்னம்மா, என்ன சொல்றார்? சீக்கிரம் சொல்லும்மா." டாக்டர் சொன்னதைச் சொன்னேன்: சாதாரணக் கட்டி, புற்றுநோய் இல்லை. அந்த அம்மா அழுதார். நானும்தான்.

சாயங்காலம் பின்கட்டுக்குப் போனேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துக்கப்புறம் முதல் பேச்சு.

"அக்கா... உங்க லைன்ல கொஞ்ச நேரம் வந்தேன்."

"தெரியும். உன் கத்தல் சுவரைத் தாண்டி வருது. அந்தம்மாவுக்கு ஒண்ணுமில்லையாமே?"

"பாஸ்வேர்டை மாத்தவே இல்லையா?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தினம் பேரு மாத்தத் தெரிஞ்ச எனக்குப் பாஸ்வேர்டு மாத்தத் தெரியாதா?"

துணியை வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவை அறைந்து சாத்தினாள். திமிர். அந்தத் திமிர் மட்டும் குறையவே குறையாது.

மார்ச் 15

சூப்பர்வைசர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டாள், அழைப்பு முடிந்ததால். பெட்டியைப் பீரோவிலிருந்து எடுத்து உயரத்தில், மேஜை மேல் வைத்தேன். நாலு கோடு. இத்தனை நாளும் இரும்புக்குள் அடைத்துவிட்டு ஊரைத் திட்டியிருக்கிறேன். "சொன்னா கேட்டியா?" என்றார் வீட்டுக்காரர். இதை அவர் சொன்னதே இல்லை!

மார்ச் 18

பெயர்ச் சண்டை நின்றது. இரண்டு பக்கமும் புதுப் பெயர் இல்லை. பழக்கடைக்காரருக்குத்தான் வருத்தம்.

அவளோடு பேசவும் இல்லை. பேச என்ன இருக்கிறது? 'வாய் பேசுறதெல்லாம் ஒரு வேலையா' என்ற அந்த வார்த்தையை அவள் இன்னும் திருப்பி எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள்.

மார்ச் 22

தெருவில் குழி தோண்டியதில் அவள் வீட்டு லைன் அறுந்துவிட்டதாம். என் போனில் அவள் பெயருக்கு நேரே இன்னும் நாலு கோடும் முழுசாகத்தான் தெரிகிறது. பெட்டி உயிரோடு இருந்தால் கோடு வரும், உள்ளே ஒன்றும் வராது. இது இப்போது எனக்குப் புரிகிறது.

என் பாஸ்வேர்டை மாற்றினேன். பூனையின் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

மார்ச் 23

பெட்டியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் போன், அவர் போன், லேப்டாப். நாலாவதாக, எனக்குத் தெரியாத ஒன்று. மத்தியானம் முழுக்க ஏதோ படம் பார்த்திருக்கிறது, வேகத்தைப் பாதியாகத் தின்றுவிட்டது.

விரட்டவில்லை.