என் பெயரில் இருப்பவளுக்கு

மஸ்கட்
7.2.2025

அன்புத் தங்கச்சி யோகத்துக்கு,

பங்கஜம் எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் உன் பெண் தமிழினியும் சௌக்கியமா? அவளுக்குத் திருப்பத்தூர் கல்லூரிக்குப் போய்வரும் பஸ் இப்போதாவது நேரத்துக்கு வருகிறதா?

தங்கச்சி என்று எழுத எனக்கு இன்னும் கை கூசுகிறது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள் நீ, என்னை இடுப்பில் சுமந்தவள். நிஜத்தில் பங்கஜம் நீ, யோகலட்சுமி நான். முப்பது வயது ஆகாத பெண்ணை வீட்டு வேலைக்கு வெளிநாடு அனுப்ப முடியாது என்று ஏஜெண்டு கைவிரித்தபோது, உன் பேரில், உன் வயதில், என் போட்டோவை ஒட்டி பாஸ்போர்ட் எடுத்தோம். அன்றைக்கு அம்மா போட்ட சட்டம் இது. காகிதத்தில் யார் அக்காவோ அவள்தான் இனிமேல் அக்கா, கடிதத்திலும் அப்படியே எழுதிப் பழகுங்கள், இல்லாவிட்டால் என்றைக்காவது வாய் உளறிவிடும் என்றாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். சட்டம் மட்டும் நம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். இந்த அறையில் நாங்கள் நாலு பேர் படுக்கிறோம், போனில் எதையும் வாய்விட்டுப் பேச முடியாது. ஆம்பூர் சுஹேல் அகமது தம்பி மாதாமாதம் செருப்புச் சரக்கு எடுக்க ஊருக்கு வருகிறது, அதனிடம் கொடுத்து அனுப்புகிறேன், நீயும் பதிலை அதனிடமே கொடு.

விஷயம் இதுதான். வீட்டு வேலையை விட்டு இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஆயா வேலைக்குச் சேர்ந்து இந்த வருஷத்தோடு இருபது வருஷம். டீச்சர்கள் வருகிறார்கள், இரண்டு வருஷத்தில் வேறு தேசத்துக்குப் போகிறார்கள். பிள்ளைகளும் அப்படித்தான். ஆடாமல் அசையாமல் இருப்பது கேட்டில் காவல் நிற்கும் நம் பக்கத்து ஊர்க்காரர் அப்துல் சமத் பாயும் நானும்தான். மே மாதம் எல்லா தேசத்துக்காரர்களும் மேஜை போட்டுப் பலகாரம் வைக்கும் நாள் வரும் அல்லவா, நான்கூட வருஷா வருஷம் குடியாத்தம் லுங்கி அடுக்கி, மசால்வடை சுட்டு வைப்பேனே, அன்றைக்கு என்னை மேடையில் ஏற்றி மரியாதை செய்யப் போகிறார்களாம். எங்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஒரு பலகையில் 'பங்கஜம்' என்று அவரவர் பாஷையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் எப்படி என்று கேட்டு என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன், உன் பேரை.

அதோடு போயிருந்தால் சந்தோஷம். ஆபீஸில் ஷர்மிளா என்று ஒரு மெட்ராஸ் பெண் இருக்கிறது. அதற்கு ரகசியம் தங்காது. "அக்கா, பேரண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து உங்க தங்கச்சிக்கு டிக்கெட் போடறாங்க! பாஸ்போர்ட் காப்பி மட்டும் வாங்கிக் குடுங்க" என்றது. அவளுக்கு வண்டி ஏறினாலே தலை சுற்றும் என்றேன். "பிளேன்ல சுத்தாதுக்கா, நான் பாத்துக்கறேன்" என்று சிரிக்கிறது.

நீ வந்து பக்கத்தில் நின்றால் என்ன ஆகும்? ஐம்பத்திரண்டு வயது அக்காவுக்குத் தலை கறுப்பு, நாற்பத்திரண்டு வயது தங்கச்சிக்கு நரை. இப்போதே இந்த வயதில் எப்படி இப்படி இருக்கிறாய் என்று டீச்சர்கள் கேட்கிறார்கள். நல்லெண்ணெய் என்று சொல்லிவைத்தேன். இரண்டு பேர் வாங்கித் தடவிக்கொண்டு வந்தார்கள். ஊருக்கு வந்தபோதெல்லாம் இதைச் சொல்லி நாம் சிரித்தோம், இப்போது சிரிப்பு வரவில்லை. மாட்டினால் ஜெயில்தான்.

ஷர்மிளா போன் செய்தால் எடுக்காதே. இதைப் படித்ததும் கிழித்து அடுப்பில் போடு.

உன் அக்கா
பங்கஜம்

*

பள்ளிகொண்டா
23.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

யோகம் எழுதுவது. சுஹேல் தம்பி உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பதற்குள் அந்தப் பெண் போன் செய்துவிட்டாள். நான் என்ன செய்யட்டும்?

ஃபேக்டரியில் சாப்பாட்டு நேரம். புது நம்பராக இருந்தது. தமிழில், "யாரு பேசறது?" என்றாள். நான் எப்போதும் போல, "பங்கஜம் பேசறேன்" என்றுவிட்டேன்.

திட்டாதே. பஸ்ஸில் ஏறினால் பங்கஜம், தையல் மிஷினில் பங்கஜம், ரேஷன் கடையில் பங்கஜம். உனக்கு எழுதும் கடிதத்தில் மட்டும்தான் நான் யோகம். வாய்க்கு எப்படித் தெரியும்? அவள், "பங்கஜம் அக்காவோட தங்கச்சி நம்பர்தானே இது?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தது திறந்தபடி விட்டு மிஷினுக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் தைத்த ஷூ மேல்தோல் முழுக்க இடதும் வலதும் மாறிப் போயிற்று. எங்கள் லைன் சூப்பர்வைசர் ஹேமலதா, "இன்னா பங்கஜம், கண்ணு எங்க கீது உனக்கு? தோல் இன்னா சும்மாவா வருது?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டாள்.

அன்றைக்கே கம்ப்யூட்டர் கடை கோபியிடம் ஜாடையாக விசாரித்தேன். "இப்பல்லாம் எல்லாமே ஒண்ணோட ஒண்ணு லிங்க்குக்கா. நீ இங்க கைரேகை வெச்சா டெல்லியில தெரியும்" என்றான். மஸ்கட்டில் ஒரு பங்கஜம், பள்ளிகொண்டாவில் ஒரு பங்கஜம், இரண்டு பேருக்கும் ஒரே பிறந்த தேதி. டெல்லிக்காரன் பார்த்தால் விடுவானா? இந்த மாதம் ரேஷனுக்குக்கூட நான் போகவில்லை, தமிழினியை அனுப்பினேன்.

ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்காததும் அதனால்தான். பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மூன்று மாதமாக உதிரம் நிற்காமல் பேஜார் பண்ணுகிறது, வயதாகிறது அல்லவா. ஹேமலதாதான் கத்துவாளே தவிர நல்லவள், ஈ.எஸ்.ஐ.க்குக் கூட்டிப்போனாள். வேலூரில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொல்லி, கைரேகை வை என்றார்கள். பாத்ரூம் போவது போல எழுந்து வந்துவிட்டேன்.

நீ ஜாக்கிரதையாக இரு. யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே.

உன் தங்கை
யோகம்

*

மஸ்கட்
9.3.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பங்கஜம் எழுதுவது. உன் கடிதத்தைக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் படித்தேன். அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்றுதான்.

ஷர்மிளா வந்தாள். "உங்க தங்கச்சி பேரும் பங்கஜமா அக்கா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். எங்கள் குலதெய்வம் பேர் பங்கஜம்மாள், அதனால் வீட்டில் பிறக்கிற எல்லாப் பெண்ணுக்கும் அந்தப் பேர் உண்டு என்று அளந்தேன். தலையை ஆட்டிக்கொண்டு போனாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஆபீஸ் வாசல் வழியாகப் போகாமல் விளையாட்டு மைதானத்தைச் சுற்றிப் போகிறேன். சமத் பாய்கூட, "இன்னாம்மா, ஷுகர் கம்மி பண்ண நடக்கறியா?" என்று கேட்டுவிட்டார்.

அதை விடு. உதிரம் நிற்கவில்லை என்பதை நாலு வரியில் எழுதி, பயப்படாதே என்கிறாயே, உனக்கு மனசு இருக்கிறதா? எங்கள் வகுப்பு டீச்சர் ஒருத்தர் இதே போல அலட்சியமாக இருந்து, கடைசியில் ஸ்ட்ரெச்சரில்தான் விமானம் ஏறினார். கோபிக்கு என்ன தெரியும்? நீ உன் பேரில், உன் கையால் ரேகை வைக்கிறாய். திருடியது நான். எனக்காக நீ வைத்தியம் பார்க்காமல் இருந்தால் அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?

போனில் கேட்டால் பட்டென்று வைத்துவிடுகிறாய். கெஞ்சிக் கேட்கிறேன், ஈ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொண்டு வேலூர் போ. தமிழினியைக் கூட்டிக்கொண்டு போ.

உன் அக்கா
பங்கஜம்

*

பள்ளிகொண்டா
30.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

யோகம் எழுதுவது. நீ சொன்னபடி டாக்டரிடம் போய்விட்டேன், இனி என்னை ஏசாதே. வேலூருக்குப் போகவில்லை. குடியாத்தத்தில் ஒரு சின்ன நர்சிங்ஹோம், அங்கே ஆதார், கைரேகை எதுவும் கேட்கவில்லை. பேர் என்ன என்றார்கள். யோகலட்சுமி என்றேன். வயது நாற்பத்திரண்டு என்றேன். அந்த டாக்டரம்மா என் முகத்தையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தோல் ஃபேக்டரியில் வேலை செய்தால் இப்படித்தான் ஆகிவிடும் என்று சொன்னேன். பாவம், நம்பிவிட்டார்.

கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதாம். எடுத்து அது எந்த மாதிரிக் கட்டி என்று பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். எனக்கு ரத்தம் ஜாஸ்தி போயிருப்பதால் பெரிய இடத்தில் செய்துகொள்வது நல்லது என்றும் சொன்னார். இங்கேயே செய்யுங்கள் என்று நான் காலைப் பிடிக்காத குறை. சித்திரை பிறந்த மறுநாள் வரச்சொல்லியிருக்கிறார்.

தமிழினி கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீயும் சொல்லாதே.

அக்கா, நான் நன்றாக யோசித்துத்தான் செய்கிறேன். தப்பினால் நல்லது. தப்பாவிட்டால் யோகலட்சுமி செத்தாள் என்றுதான் எழுதுவார்கள். பங்கஜம் செத்தாள் என்று எழுதினால் நீ அங்கே யாராக இருப்பாய்?

என் வீட்டுக்காரர் செத்தபோது உங்கள் பள்ளிக்கூடத்தில் உனக்குப் பூங்கொத்து கொடுத்து, புருஷனைப் பறிகொடுத்தவள் என்று லீவு கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? உன் பாஸ்போர்ட்டில் கணவர் பெருமாள் என்று இருக்கிறதே என்று நீயும் வாங்கிக்கொண்டாய். அந்தப் பேர் அங்கே இருந்ததால்தானே உனக்கு ஒரு கல்யாணம்கூட நடக்கவில்லை. நீ அனுப்பியதில் என் வீடு எழும்பியது, தமிழினி படிக்கிறாள். உனக்கு நான் திருப்பிச் செய்ய இது ஒன்றுதான் இருக்கிறது, தடுக்காதே.

ராத்திரியெல்லாம் பயமாகத்தான் இருக்கிறது. நம் ஊர் ரங்கநாதர் விட்ட வழி.

உன் தங்கை
யோகம்

*

மஸ்கட்
11.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

யோகம் எழுதுகிறேன். ஆமாம், நான்தான் யோகம். இனிமேல் இப்படித்தான் எழுதுவேன். அம்மா மன்னித்துக்கொள்ளட்டும்.

நேற்று போனில், "சொல்லிட்டேன்க்கா" என்றதும் நீ அலறி வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. சுஹேல் தம்பி இன்றைக்குக் கிளம்புகிறது, அதனால் அவசரமாக எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பேரைச் சொல்லிக்கொண்டு நீ போய்ப் படுப்பாய், ஏதாவது ஆனால் என் பேரில் உன்னை எரிப்பார்கள், நான் இங்கே உன் பேரில் மேடை ஏறி மாலை போட்டுக்கொள்வேன். அப்படி ஒரு உயிர் எனக்கு வேண்டாம் அக்கா.

நேற்று காலையில் பிள்ளைகள் மேடைப் பாட்டுக்குப் பயிற்சி எடுத்தார்கள். 'பங்கஜம், பங்கஜம்' என்று கத்திப் பாடினார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நேராகப் பிரின்சிபல் அறைக்குப் போய்விட்டேன். ஷர்மிளாவும் அங்கே இருந்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுகை வந்து தமிழாகிவிட்டது, ஷர்மிளாதான் எடுத்துச் சொன்னாள், அவளும் அழுதுகொண்டே.

அப்படியானால் உன் பேர் என்ன என்று பிரின்சிபல் அம்மா கேட்டார். சொன்னேன். "யோகலட்சுமி" என்று அவர் தட்டுத்தடுமாறிக் கூப்பிட்டபோது நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன், யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள் என்று.

இனி நீ இங்கே வேலை பார்க்க முடியாது, தெரியும்தானே என்றார். தெரியும் என்றேன். விழா கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவரே என்னை நம் தூதரகத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். ஊர் திரும்ப என் நிஜப் பேரில் ஒரு காகிதம் கிடைக்கலாமாம். அதற்கு முன்னால் இங்கத்திய போலீஸ் என்ன செய்யும், சென்னையில் இறங்கியதும் என்ன செய்வார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. உள்ளே வைத்தாலும் வைப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. ஆனால் நீ அந்த நர்சிங்ஹோமில் படுப்பதை நினைத்து வந்த பயத்துக்கு இது கம்மி.

பிள்ளைகளுக்கு நான் ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்வார்களாம். பலகையைக் கழற்றிவிட்டார்கள். சமத் பாய் அதைக் கேட்டு வாங்கித் தன் அறையில் சுவரோரமாக வைத்திருக்கிறார். "இன்னா இருந்தாலும் இது உங்க அக்கா பேரும்மா, குப்பையில போட மனசு வரல" என்றார்.

தமிழினியிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. செவ்வாய்க்கிழமை விடிந்ததும், நீ குடியாத்தம் கிளம்புவதற்கு முன்னால், அவளும் ஹேமலதாவும் உன்னை வேலூருக்குக் கூட்டிப்போவார்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை, ஆதார் எல்லாம் அவள் பையில் இருக்கிறது. கைரேகை வைக்கச் சொன்னால் தைரியமாக வை. அதற்குள் தூதரகம் வழியாக டெல்லிக்கு நானே சொல்லியிருப்பேன், நீ மறைக்க இனி ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதத்தைக் கிழிக்க வேண்டாம்.

ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோகும்போது ஒவ்வொருத்தராக வந்து பேர் கேட்பார்களாம், ஆள் மாறிவிடக் கூடாது என்று. யோகம் என்று உளறி வைக்காதே. சத்தமாக, பங்கஜம் என்று சொல். நான் எப்போது வருவேன், எப்படி வருவேன் என்று தெரியவில்லை. வந்தால் வார்டு வாசலில் நின்று அந்தப் பேரைச் சொல்லித்தான் உன்னைத் தேடுவேன்.

உன் தங்கச்சி
யோகலட்சுமி