கடை வாசலில் கால் பரிசோதனை

என் பேச்சி அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் இதைக் கேட்டுக் காறித் துப்பியிருப்பாய். உன்னைச் சாகும்வரை நிற்க வைத்த அதே ஜவுளிக்கடை, போன மாதம் வாசலில் பந்தல் போட்டு, காலில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பரிசோதனை நடத்தியது. இலவசமாம். துணி எடுக்க வருகிறவர்களுக்கு மட்டும்.

உனக்கு என்ன நடந்தது என்பதை அங்கே யாரும் மறந்திருக்க முடியாது. கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு, கணுக்காலில் புண் வந்து நீர் வடிந்தது. கீழே போன ரத்தம் மேலே ஏறவில்லை, நரம்புக்குள் இருக்கும் வால்வு கெட்டுவிட்டது, அடிக்கடி உட்கார வேண்டும் என்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீ ஒரு ஸ்டூல்தான் கேட்டாய்.

மேனேஜர் அண்ணாச்சி என்ன சொன்னார்? "சேல எடுக்க வந்தவிய நிக்கும்போது நீ உக்காந்திருப்பியோ? புண்ணு நாறுதுங்காவ. குடோனுக்குப் போ."

குடோனிலும் நின்றுதான் வேலை. அங்கேதான் விழுந்தாய். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்துவிட்டதாம். மாலையோடு வீட்டுக்கு வந்த அண்ணாச்சி, "நல்ல பிள்ள, உடம்பத்தான் பாத்துக்கிடல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகும் ஏன் அந்தக் கடைக்கே வேலைக்குப் போகிறாய் என்று கேட்பாய். வேறு எங்கே போக, அக்கா? எந்தக் கடையில் உட்கார விடுகிறார்கள்? உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்தது. ஸ்டூல்களும் வந்தன. அவற்றில் வாடிக்கையாளர்களின் பைகள் உட்கார்ந்திருந்தன.

பந்தலில் என்னைத்தான் நிறுத்தினார்கள். சோதித்து முடித்தவர்களின் காலில் கருவி வைக்கத் தடவிய பசையை நான் குனிந்து துடைத்துவிட வேண்டும். மைக்கில் அண்ணாச்சி, "உங்க காலுக்கு நம்ம கடை காவல்" என்று கூவிக்கொண்டிருந்தார்.

கருவியோடு வந்திருந்த பெண் என் காலைப் பார்த்துவிட்டாள். "யக்கா, ஒங்களுக்கு இப்படி வீங்கிக் கெடக்கே. திரும்பி நில்லுங்க, நின்னாத்தான் இது சரியாத் தெரியும்" என்றாள். நிற்கத் தெரியாதவளா நான்?

முழங்காலுக்குப் பின்னால் பேனா போன்ற ஒன்றை வைத்து, கெண்டைக்காலை அமுக்கினாள். ரத்தம் மேலே ஏறும் இரைச்சல் கருவியில் புஸ்ஸென்று கேட்டது. கையை எடுத்தாள். அத்தோடு அடங்க வேண்டிய சத்தம் அடங்கவில்லை. "ரத்தம் திரும்பக் கீழ வருதுக்கா" என்றாள் பைய.

அதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். "ஏட்டி, இது கஸ்டமருக்கு. அங்கிட்டுப் போ." நான் நகரவில்லை. பந்தலில் இருந்தவர்கள் பார்ப்பதைக் கண்டதும் குரலைக் குழைத்துக்கொண்டார். "இவ அக்காளுக்கும் இதே கோளாறுதான். வம்சத்து வியாதி, பாவம்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அக்கா. "அப்போ ஒங்க கடையில நிக்குத அத்தன பிள்ளையளும் ஒரே வம்சமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். மைக் அவர் கையில்தான் இருந்தது. தெரு முழுக்கக் கேட்டது.

பில் போடும் செல்வி முதலில் வந்து பேண்டைத் தூக்கிக் காலைக் காட்டினாள். பிறகு சுடிதார் பிரிவில் இருந்தவர்கள். வீங்கிய கால்கள், கறுத்த கணுக்கால்கள். துணி எடுக்க வந்திருந்த ஒரு அம்மா, "சீ, என்ன மனுசன்வே நீரு!" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். நாங்கள் தொழிலாளர் அலுவலகத்தில் போய்ச் சொன்னோம். அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் எங்களை உட்காரச் சொன்னார்கள். அதையும் அண்ணாச்சி போட்டோ எடுக்க வைத்தார், அக்கா. எங்கள் நடுவில் நின்றுகொண்டு, "சிரிங்கட்டி" என்றார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அந்தப் படத்தைத்தான் வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த இறுக்கமான காலுறையைப் போட்டிருக்கிறேன். என் காலைப் பற்றி அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுவேன். அவள் இன்னொரு மகளை அந்தக் கடைக்குப் பறிகொடுக்க மாட்டாள். சத்தியம் அக்கா.

உன் கூடப் பிறந்தவள்,
முத்து