முதிண்டாவின் நீக்கல் கடிதம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. மீன்காரியும் வரவில்லை.

நவி மும்பை வாஷியிலிருந்து ஜெபராஜ் சார், தான் எழுதிய பள்ளி வரலாற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். ஜாம்பியாவில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த அரசு செகண்டரி பள்ளி. பொன்விழா மலருக்காம். பதினோரு பக்கம், ஜெ. படம் நான்கு. ஆய்வுக்கூடம் ஜெ. கட்டியது. போர்வெல் ஜெ. போட்டது. மாமரம்கூட ஜெ. நட்டது. எனக்கு ஒரு வரி: 'கணக்கு டீச்சர், அன்பானவர்.' தொலையட்டும்.

ஒன்பதாம் பக்கம்: 'ஒழுக்கத்தின் பேரில் ஒரு மாணவியைக்கூட நாங்கள் வெளியேற்றியதில்லை.'

இரண்டு தடவை படித்தேன். அப்போ முதிண்டா?

ஜூலை 9, புதன்

முதிண்டா என் வகுப்பு. ஆசிரியன் ஒருவனால் கர்ப்பம். அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். அவளுக்கு நீக்கல் கடிதம், பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பு. ஆபீஸ் வாசலில் நின்று, "பரீட்சை மட்டும் எழுதவிடுங்கள்" என்று இங்கிலீஷில் கேட்டாள். ஜெ. அப்போது துணை ஹெச்.எம். "ரூல் ரூல்தான்" என்று கதவைச் சாத்தினார்.

போன் போட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு டீச்சர்? நேர்ல வாங்க, பேசுவோம்" என்கிறார். தேன் ஒழுகுகிறது.

முட்டிவலி. மாத்திரை வாங்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

செம்பூர் ஸ்டேஷனில் நாற்பது நிமிஷம் நின்றேன். மழை, ஹார்பர் லைன் ரயில் லேட். வாஷி போய்ச் சேரும்போது செருப்பெல்லாம் தண்ணீர். ஜெ. வீட்டம்மா காபி, முறுக்கு கொண்டுவந்தார். தொடவில்லை.

"ஒன்பதாம் பக்கத்துல இருக்கது பொய் சார். எடுத்துருங்க."

"நல்ல காரியம் நடக்கும்போது சாக்கடையக் கிண்டுதீங்க."

"அந்தப் புள்ள சாக்கடையா?"

வீட்டம்மா உள்ளே போய்விட்டார். ஜெ. கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார்.

"அந்தக் கடுதாசில மூணு கையெழுத்து, டீச்சர். பெரிய ஹெச்.எம்., நான், நீங்க. ஒங்க கையப் புடிச்சா நான் போட வச்சேன்?"

எழுந்து வந்துவிட்டேன். அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது. சொன்னது நிஜம் என்பதால். எனக்கு வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் அது. பயம். வேறு காரணமே கிடையாது.

ஜூலை 11, வெள்ளி

பள்ளியின் இப்போதைய ஹெச்.எம். அம்மாளுக்கு மெயில் போட்டேன். ஒன்பதாம் பக்கம் பொய், முதிண்டா என்ற பெண்ணை நீக்கினோம், கடிதத்தில் என் கையெழுத்தும் உண்டு. அவ்வளவுதான். ஜெ.வுக்கும் ஒரு காப்பி.

சாயங்காலத்துக்குள் ஜெ. என்னை பிளாக் செய்தாயிற்று.

ஜூலை 14, திங்கள்

ஹெச்.எம். பதில். முதிண்டா அதே ஊரில்தான் இருக்கிறாளாம். 'உங்கள் நம்பரைக் கொடுக்கலாமா?' காஸ் வந்தது, சிலிண்டரை மாற்றினேன், வீட்டைப் பெருக்கினேன். அப்புறம்தான் 'கொடுங்கள்' என்று அடித்தேன்.

ஜூலை 16, புதன்

பதினொரு மணிக்கு போன். அடுப்பில் குழம்பு. அவள் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை, கனத்திருந்தது. மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன்.

"அதற்காகக் கூப்பிடவில்லை. யார் யார் கையெழுத்து? சொல்லுங்கள், மலருக்காக எழுதிக்கொள்கிறேன்."

பெரிய ஹெச்.எம். பெயரைச் சொன்னேன். ஜெ. பெயர். அப்புறம் என் பெயர்.

"மலரில் உங்கள் பெயர்தான் முதலில் வரவேண்டும். நான் உங்கள் வகுப்பு."

வைத்துவிட்டாள்.