வியாழக்கிழமை பீரியட்

காலையில் மாணவர் கண்காட்சியின் அழைப்பிதழ்க் கட்டு வந்தது. பிரித்ததும் மை வாடை குப்பென்று அடித்தது. பக்கத்தில் இருந்த புது டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உம் சட்டை ஞாபகம் வந்துவிட்டது வே. வேலை ஓடவில்லை. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அசதிதான்.

தொண்ணூறுகளில் நம் துறைக்கு கமர்ஷியல் ஆர்ட் என்று பெயர். இந்தப் புனே ஓவியக் கல்லூரியில் அப்போது தமிழ் பேச நாம் இரண்டே பேர், இரண்டு பேருக்கும் திருநெல்வேலி. நான் நிரந்தர வாத்தியார். நீர் ஏரவாடாவில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, வியாழன் மதியம் மட்டும் வகுப்பெடுக்க வருவீர். பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி அச்சகத்துக்கே கொண்டுபோய் மெஷின் பக்கத்தில் நிறுத்திவிடுவீர். அதுகள் மைக்கறைக் கையோடு வடாபாவ் தின்றுகொண்டே திரும்பி வரும்.

பிறகு கம்ப்யூட்டர்கள் வந்தன. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோயில்தான் வே. ஒரு மெஷினுக்கு மூன்று பிள்ளைகள். "கம்ப்யூட்டர் வகுப்புக்கு நேரம் எங்கே?" என்றார் பிரின்சிபால். டைம்டேபிள் போடுகிறவன் நான். ரப்பரை எடுத்து உம் வியாழக்கிழமையை அழித்தேன். கல்லூரியில் உமக்கு இருந்ததே அந்த ஒரு வகுப்புதான்.

"இந்த வருஷம் மட்டும்தான் வே" என்றேன் டீக்கடையில்.

"பிள்ளைகள் படிச்சாச் சரி. ஆனா ஸ்கிரீன்ல தெரியுத நீலத்த மட்டும் நம்பாண்டாம்னு சொல்லும்" என்றீர்.

நான் சொல்லவில்லை. அந்த வருஷ அழைப்பிதழ் ஸ்கிரீனில் நல்ல நீலமாக இருந்தது, நாவல்பழ நிறத்தில் அச்சாகி வந்தது. கண்காட்சிக்கு இரண்டே நாள். ஒரு பெண் பிள்ளை அழுதுகொண்டே உமக்கு போன் போட்டது. மதியமே வந்துவிட்டீர். கம்ப்யூட்டர் முன்னால் அதுகளோடு உட்கார்ந்து மை அளவுகளை மாற்றி, மறுநாளே அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தீர். 'அன்னைக்கே சொன்னேனா இல்லையா' என்று ஒரு வார்த்தை இல்லை. மாடிப்படியில் இறங்கும்போது மட்டும் கேட்டீர்: "ஜூன்ல அந்த வியாழக்கிழம கெடைக்குமா வே?"

"பாப்போம்" என்றேன்.

ஜூனில் அந்த இடத்தில் அனிமேஷன் வகுப்பைப் போட்டேன். உமக்குத் திருப்பிக் கொடுப்பதென்றால் பிரின்சிபாலிடம் போய், நான் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்தடுத்த ஜூன்களிலும் அதே கதை. துறையின் பெயர் மாறியது, பாடத்திட்டம் இரண்டு முறை மாறியது, மெஷின்கள் நாற்பதாயின. நீர் மறுபடி கேட்கவே இல்லை.

உம் அடக்கத்துக்கு கேம்ப் பகுதி சர்ச்சுக்கு வந்திருந்தேன். உம் வீட்டுக்காரம்மா என்னைக் கண்டதும் எழுந்து, சொந்தக்காரர்களிடம் சொன்னார்: "இந்த அண்ணன்தான் அவியளுக்குக் கிளாஸ் திரும்ப வாங்கிக் குடுக்க வருசா வருசம் பிரின்சிபால்கிட்ட சண்ட போட்டாவ. அவிய வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பாவ."

நீர் ஏன்வே அப்படிச் சொன்னீர்? எல்லாரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்த அம்மாவிடம் இன்றுவரை இல்லையென்று சொல்லவில்லை.